தாமதத்துக்கான காரணம்

ஜூன் 11, செவ்வாய்

டயர் கடைக்காரர் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி இது. ஐந்து மாதமாக எங்கள் வீட்டு டி.வி. மேசையின் ஆடும் காலுக்கு முட்டுக் கொடுத்திருந்தேன். இன்றைக்கு உருவி எடுத்து எழுதுகிறேன். மேசை ஆடினால் ஆடட்டும்.

என் பெயர் அத்தியப்பன். நாமக்கல்லில் இருந்து கொல்லிமலை செம்மேட்டுக்குப் போகும் அரசு பஸ்ஸின் டிரைவர். எழுபது கொண்டை ஊசி வளைவு. இருபத்திரண்டு வருடமாக அதில்தான் ஏறி இறங்குகிறேன். சமவெளியில் பஸ் ஓட்டுகிறவர்களை நான் குறைத்துப் பேசுவதில்லை. அவர்களும் டிரைவர்கள்தான்.

இன்று காலை மலையடிவாரம் காரவள்ளியில் வண்டியை நிறுத்தி டீ குடித்தோம். கண்டக்டர் பொன்னுரங்கத்தின் டிக்கெட் மெஷின் கைநழுவிக் கீழே விழுந்தது. அவனும் குனிந்தான், நானும் குனிந்தேன். இரண்டு மண்டையும் மோதிக்கொண்டன. வலி ஒன்றும் பெரிதில்லை. அவன் விட்டால்தானே?

"அண்ணா, ஒரு முட்டோட நிறுத்தினா கொம்பு மொளைக்கும்ண்ணா. இன்னொரு முட்டு முட்டிடுங்க."

நாற்பத்தொன்பது வயதில், பஸ் நிறைய ஆட்கள் பார்க்க, கன்றுக்குட்டி மாதிரி தலையை நீட்டினேன். பொன்னுரங்கம் எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டான். முதல் முட்டு தவறிப் பட்டது, இரண்டாவது அவன் மனதாரக் கொடுத்தது. கண்ணில் பொறி பறந்தது. ஜன்னல் ஓரத்தில் இருந்த பிள்ளைகள் கைதட்டின.

செம்மேட்டுக்குச் சரியான நேரத்தில் போய்ச் சேர்ந்தேன். லேசான தலைவலி. ஒன்றுமில்லை.

ஜூன் 12, புதன்

தலைவலி இல்லை. இருந்தாலும் எழுதி வைக்கிறேன்: இல்லை.

ஜூன் 14, வெள்ளி

ஃபோனில் படித்தேன். தலையில் அடிபட்டு மூன்று வாரம் கழித்துக்கூட உள்ளே ரத்தம் கசியுமாம். அதுவரை ஆள் சாதாரணமாக நடமாடுவானாம். ஒன்றைப் படித்தால் ஃபோன் அதே மாதிரி இன்னும் பத்தைக் கொண்டுவந்து காட்டுகிறது. பத்தையும் படித்தேன்.

மூன்று வாரம் என்றால் ஜூலை 2. காலண்டரில் சின்னதாக ஒரு புள்ளி வைத்தேன். வளர்மதி என்ன புள்ளி என்று கேட்டாள். கேஸ் சிலிண்டர் மாற்ற வேண்டிய நாள் என்றேன். வளர்மதி என் மனைவி, அங்கன்வாடியில் வேலை பார்க்கிறாள். தினமும் முப்பது பிள்ளைகள் விழுந்து எழுவதைப் பார்க்கிறவளிடம் இதைச் சொன்னால் எண்ணெய் தேய்த்துவிடுவாளே தவிர வேறு ஒன்றும் நடக்காது.

நல்லுசாமி இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பான். அவனைப் பற்றி இங்கே எழுத வேண்டியதில்லை.

ஜூன் 17, திங்கள்

தலைக்கு ஸ்கேன் எடுத்தேன். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் போனேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். ஃபிலிமை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒரே அளவு, ஒரு இடத்திலும் நசுங்கல் இல்லை. எனக்கே கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

பெருமை சேந்தமங்கலம் வரைக்கும் இருந்தது. அங்கே வண்டி சிக்னல் இல்லாத ஒரு முக்கில் நின்றபோது யோசித்தேன்: இது இன்றைய படம்தானே. நாளைக்கு?

ஜூன் 19, புதன்

இறங்கும்போது ஐம்பத்திரண்டாவது வளைவில் அந்த நினைப்பு வந்தது. பின்னால் அறுபது பேர். எனக்கு இந்த நிமிஷம் கண் இருட்டினால்? வண்டியை ஓரம் கட்டி, டயரில் காற்று குறைவாகத் தெரிகிறது என்று சொல்லி இறங்கினேன். ஆறு டயரையும் உதைத்துப் பார்த்தேன். நாற்பத்தொன்றிலும் அப்படியே. பதினேழிலும் அப்படியே. பொன்னுரங்கம் என் முகத்தைத்தான் பார்த்தான்.

டிப்போவுக்கு வந்ததும் லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். காரணம்: வீட்டுக்கு வெள்ளையடிக்க. இது பயம் இல்லை. அறுபது உயிருக்குப் பொறுப்பானவன் யோசித்துத்தான் நடக்க வேண்டும்.

ஜூன் 24, திங்கள்

எங்கள் வீட்டுக் குளியலறை நிலைப்படி தாழ்வு. அதனால் ஹெல்மெட் போட்டுக்கொண்டு உள்ளே போகிறேன். முன்னெச்சரிக்கை.

தினமும் செய்யும் சோதனைகள்: கண்ணாடி முன் ஒற்றைக்காலில் நிற்பது, இருபது எண்ணும் வரை. டார்ச் அடித்து இரண்டு கண்மணியும் ஒரே மாதிரி சுருங்குகிறதா என்று பார்ப்பது. எழுபதாவது வளைவில் இருந்து ஒன்று வரைக்கும் ஒவ்வொரு வளைவிலும் என்ன அடையாளம் என்று தலைகீழாக ஒப்பிப்பது: பாறை, பலா மரம், உடைந்த கைப்பிடிச் சுவர், ஊற்று. காலையில் முப்பத்தெட்டாவது வளைவில் என்ன இருக்கிறது என்று நினைவுக்கு வரவில்லை. பொன்னுரங்கத்துக்கு ஃபோன் போட்டேன்.

"முப்பத்தெட்டா? அங்க ஒண்ணுமே கெடையாதேண்ணா. வெறும் வளைவுதான்."

வளர்மதி இன்று பாதியில் வீட்டுக்கு வந்தவள் என்னை அந்தக் கோலத்தில் பார்த்துவிட்டாள். ஒரு காலில் நிற்கிறேன், ஒரு கையில் டார்ச், தலையில் ஹெல்மெட்.

"வெள்ளையடிக்கறேன்னு லீவு போட்டீங்களாமே. எந்த வீட்டுக்குங்க?"

சுண்ணாம்பு வாங்கக் கடைக்குப் போய்விட்டேன். வாங்கவில்லை.

ஜூன் 28, வெள்ளி

சேலம் போய் இரண்டாவது ஸ்கேன். நாமக்கல்லில் எல்லோருக்கும் என்னைத் தெரியும் என்பதால் சேலம். டிப்போ ஆட்கள் யாராவது பதிவேட்டைப் பார்த்துவிட்டால்? அதனால் மச்சான் பழனிவேலின் பெயரையும் ஃபோன் நம்பரையும் கொடுத்தேன்.

உட்கார்ந்திருந்தேன். நர்ஸ் "பழனிவேல், பழனிவேல்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். யாரடா இந்தப் பழனிவேல், காது கேட்காத ஆளாக இருக்கிறானே என்று நானும் சுற்றுமுற்றும் பார்த்தேன். கடைசியில் அவளே என்னிடம் வந்து தோளைத் தொட்டாள். சீட்டில் என்னவோ எழுதினாள். உள்ளே டாக்டர் அதைப் படித்துவிட்டு முகம் மாறிப்போய், "பேர் சொல்லிக் கூப்பிட்டா புரியுதுங்களா? உங்க பேர் என்ன?" என்றார். திடுக்கிட்டு "அத்தியப்பன்" என்று சொல்லிவிட்டேன்.

அதன்பிறகு என்னை ஒரு மணி நேரம் விடவில்லை. இன்று என்ன கிழமை, நூறில் இருந்து ஏழேழாகக் கழியுங்கள், மூக்கைத் தொடுங்கள். கடைசியில் உண்மையைச் சொன்னேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பை அடக்கத்தான் என்று நினைக்கிறேன்.

ஸ்கேனில் ஒன்றுமில்லை. இரண்டாவது முறையும்.

ஜூலை 2, செவ்வாய்

காலண்டரில் புள்ளி வைத்த நாள் வந்துவிட்டது, எனக்கு ஒன்றும் ஆகவில்லை. வளர்மதி சிலிண்டர் மாற்றவில்லையா என்று கேட்டாள். சில பேருக்கு மூன்று மாதம் கழித்தும் வருமாம், நேற்று படித்தேன். புள்ளியை செப்டம்பருக்கு நகர்த்தினேன்.

ஜூலை 3, புதன்

கிளை மேலாளர் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனிதர், சுற்றி வளைக்கத் தெரியாது.

"அத்தியப்பன், ஆடிப் பதினெட்டுக்கு ஓரி விழா. மலைக்கு ஸ்பெஷல் விடணும். மலை ரூட்டுக்கு எனக்கு ஆள் பத்தல. அன்னைக்கு நீங்க சீட்ல உட்கார முடியும்னா சொல்லுங்க. முடியாதுன்னா உங்களக் கீழ் ரூட்டுக்கு நிரந்தரமா மாத்திட்டு வேற ஆள மலைக்குப் போடறேன். தப்பா எடுத்துக்காதீங்க."

கீழ் ரூட் என்றால் நாமக்கல்லுக்கும் மோகனூருக்கும் நடுவில் தட்டையான ரோட்டில் போய் வருவது. இருபத்திரண்டு வருடம் மலை ஓட்டியவனுக்கு மோகனூர்.

"உட்காருவேன் சார்" என்றேன். இரண்டு கையையும் மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

ஜூலை 5, வெள்ளி

வளர்மதி அரை நாள் லீவு போட்டு என்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். எந்த டாக்டர் என்று சொல்லவில்லை. அறை வாசலில் பலகையைப் படித்ததும் திரும்பி நடந்தேன். மனநலப் பிரிவு! எனக்கு அடிபட்டது தலையில்.

"போங்க. நான் தடுக்கல" என்றாள். "சேலத்துல எங்கண்ணன் பேர்ல ஸ்கேன் எடுத்தது எனக்குத் தெரியும். அந்த நர்ஸு அண்ணன் நம்பருக்கு ஃபோன் பண்ணி ரிசல்ட் சொல்லிட்டா. அண்ணன் பதறிப்போய் என்கிட்ட வந்து, எனக்கு எப்படி தலையில அடிபட்டுச்சுன்னு கேக்கறாரு."

உள்ளே போனேன். வேறு வழி?

டாக்டர் ஷமீமா சின்னப் பெண். என் ஃபிலிம் இரண்டையும் பார்த்தார். ஃபோனில் படித்ததை எல்லாம் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு, எதைக் கண்டால் உடனே வர வேண்டும் என்று ஒரு தாளில் எழுதினார்: திரும்பத் திரும்ப வாந்தி, ஒரு பக்கம் கை கால் பலம் குறைவது, பேச்சுக் குழறல், நாளுக்கு நாள் கூடும் தலைவலி. "இதுல ஏதாவது இருக்கா?" இல்லை என்றேன். "இருந்தா உடனே வாங்க, யோசிக்கவே வேண்டாம். இல்லாதப்ப சோதிச்சுப் பார்க்காதீங்க."

"பார்த்தா என்ன தப்புங்க? பார்த்தாத்தானே தெரியும்?"

"மலை இறங்கும்போது பிரேக் பிடிக்குதான்னு எத்தனை தடவ மிதிச்சுப் பார்ப்பீங்க?"

"மிதிச்சுக்கிட்டே இருந்தா பிரேக் சூடாகி, வேணுங்கறப்போ பிடிக்காதுங்க. கியர்ல இறங்கணும். பிரேக்க தேவைக்குத்தான் தொடணும்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். என் வண்டியை வைத்தே என்னை மடக்கிவிட்டார். கோபமாக வந்தது. பஸ்ஸில் திரும்பும்போதுதான் கோபம் அடங்கியது.

தினமும் எத்தனை முறை தலையைச் சோதித்தேன் என்று எழுதிக்கொண்டு வரச் சொன்னார். டைரி ஏற்கெனவே இருக்கிறது என்றேன்.

ஜூலை 6, சனி

நாற்பத்தேழு முறை. தொட்டுப் பார்த்தது சேர்க்காமல்.

ஜூலை 9, செவ்வாய்

முப்பத்தொன்று. டார்ச்சை வளர்மதி அங்கன்வாடிக்கு எடுத்துப் போய்விட்டாள். பிள்ளைகளுக்கு நிழலில் மான், முயல் காட்டவாம்.

சோதிக்க வேண்டும் என்று தோன்றும்போது கால் மணி நேரம் தள்ளிப்போட வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. அந்தக் கால் மணி நேரம் இருக்கிறதே, மலையேறும்போது முன்னால் ஒரு கட்டை லாரி போய் மாட்டிக்கொண்ட மாதிரி. முந்தவும் முடியாது, நிற்கவும் முடியாது. அதனால் வீட்டுக்கு உண்மையிலேயே வெள்ளையடிக்க ஆரம்பித்துவிட்டேன். லீவு லெட்டரில் எழுதியது பொய்யாக வேண்டாம்.

ஜூலை 11, வியாழன்

பத்தொன்பது. கூடமும் சமையலறையும் முடிந்தது. எதிர்வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "ஆள் விட்டு அடிச்ச மாதிரி இருக்குங்க" என்றார். ஆள் விட்டு அடித்தால் இவ்வளவு நன்றாக வராது என்று சொல்லி அனுப்பினேன்.

ஜூலை 13, சனி

இன்று எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

டாக்டரிடம் இரண்டாவது முறை போனோம். கணக்கைக் காட்டினேன், பாராட்டினார். பிறகு சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார்: "தலையில அடிபட்டு யாருக்காவது ஏதாவது ஆனதப் பார்த்திருக்கீங்களா?" இல்லை என்றேன். வளர்மதி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

சரி, எழுதுகிறேன்.

நல்லுசாமியும் நானும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவனும் மலை ரூட்தான். நான்கு வருடத்துக்கு முன் ஒரு மாசி மாதக் காலையில், வீட்டு மாடி ஏணியில் சறுக்கி விழுந்துவிட்டேன் என்று பின்மண்டையைத் தேய்த்துக்கொண்டே டிப்போவுக்கு வந்தான். "தலை கனமா இருக்குடா அத்தி. ஆஸ்பத்திரிக்கு ஒரு எட்டு போயிட்டு வரட்டுமா?" என்று என்னிடம்தான் கேட்டான்.

"மலை வண்டி ஓட்டறவன் இதுக்கெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போவானாடா? டீயக் குடி. உள்ளே போய்ப் படு. உன் ட்ரிப்ப நான் எடுக்கறேன்."

இதைச் சொன்னவன் நான். சிரித்துக்கொண்டே சொன்னேன். நண்பனுக்கு உதவி செய்கிற பெருமையோடு அவன் வண்டியை எடுத்துக்கொண்டு மலை ஏறினேன். செம்மேட்டில் இறங்கியபோது ஃபோன் வந்தது. ஓய்வறையில் படுத்தவன் எழுந்திருக்கவில்லை.

அவன் மனைவியின் முகத்தை நான் இன்று வரைக்கும் நேராகப் பார்த்ததில்லை. யாருக்கும் சொன்னதில்லை. வளர்மதிக்குக்கூட, அவன் ஆஸ்பத்திரிக்குப் போகட்டுமா என்று கேட்டது தெரியாது. சாயங்காலம் அவளிடம் சொன்னேன். நான் அழுததை எழுத வேண்டாம் என்று நினைத்தேன். எழுதிவிட்டேன்.

அவள் சொன்னாள்: "உங்க மண்டைய நோண்டி நோண்டிப் பார்த்தா அவரு எந்திரிச்சு வந்துருவாருங்களா?"

ஜூலை 14, ஞாயிறு

நல்லுசாமி வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி கோகிலாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"என்கிட்டயும்தாண்ணா கேட்டாரு" என்றாள். "டூட்டி முடிஞ்சு வந்து போலாங்கன்னு நான்தான் அனுப்பி வச்சேன். இத்தன நாளா நான் மட்டுந்தான்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

அவள் காப்பி போட்டுக் கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

ஜூலை 15, திங்கள்

ஆறு.

ஜூலை 22, திங்கள்

மூன்று. டாக்டர் பூஜ்யம் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள் என்றார். பயம் வராது என்றும் சொல்ல மாட்டாராம். "வரும். வந்தா என்ன செய்வீங்க?" என்று கேட்டார். வண்டியில் இருக்கும்போதா என்றேன். ஆமாம் என்றார்.

"அகலமான இடமாப் பார்த்து நிறுத்துவேன். டயரப் பார்க்கறேன்னு இறங்குவேன்."

"டயர எதுக்குப் பார்க்கணும்?"



ஜூலை 29, திங்கள்

ஓட்டத் தகுதி உண்டு என்று டாக்டர்கள் இரண்டு பேர் கையெழுத்துப் போட்ட சான்றிதழைக் கொடுத்தேன். டிப்போ பயிற்றுநர் பக்கத்தில் உட்கார, காலி வண்டியை மலையேற்றி இறக்கிக் காட்டினேன். இரண்டு ட்ரிப். அவர் பாதியில் தூங்கிவிட்டார். என் ஓட்டத்துக்கு இதைவிடப் பெரிய நற்சான்று கிடையாது. மேலாளர் பட்டியலில் என் பெயரை எழுதினார்: ஆகஸ்ட் 3, ஓரி விழா ஸ்பெஷல், முதல் வண்டி.

காலி வண்டி வேறு, ஆள் இருக்கிற வண்டி வேறு. அது எனக்குத் தெரியும். பயிற்றுநருக்குத் தெரியாது.

ஆகஸ்ட் 2, வெள்ளி

காக்கிச் சட்டையை வளர்மதி கஞ்சி போட்டுத் தேய்த்தாள். நான் கேட்கவில்லை. ஆனாலும் காலர் விறைப்பாக நிற்பதைப் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 3, சனி

காலையிலேயே நல்ல கூட்டம். மலை ஆட்கள் பாதி, விழாப் பார்க்கப் போகிற கீழ் ஊர் ஆட்கள் பாதி. உட்கார இடமில்லாமல் நின்றார்கள். பொன்னுரங்கம் என்னைக் கண்டதும் ஓடி வந்து, தலை படாதபடிக்கு எட்டி நின்றே வணக்கம் வைத்தான்.

அடிவாரத்தில் முதல் வளைவைத் திருப்பியதும் என் கைக்கு எல்லாம் நினைவு வந்துவிட்டது. பத்து, பதினைந்து, இருபத்தாறு. எதிரே வந்த வேனுக்கு ஒதுங்கி வழிவிட்டேன். பின்னால் பேச்சும் சிரிப்புமாக இருந்தது. முப்பத்தொன்று தாண்டும்போது காதுக்குப் பின்னால் ஏதோ ஓடிய மாதிரி இருந்தது. அவ்வளவுதான். நெஞ்சு அடிக்க ஆரம்பித்தது, ஸ்டியரிங் ஈரமாகிவிட்டது. டாக்டர் எழுதிக் கொடுத்த அறிகுறிகளை ஒவ்வொன்றாக நினைத்தேன். கை பலமாக இருந்தது. பார்வை தெளிவாக இருந்தது. வாய்விட்டு என் பெயரைச் சொல்லிப் பார்த்தேன், குழறவில்லை. இது ரத்தம் இல்லை, பயம்தான் என்று தெரிந்துவிட்டது. தெரிந்தும் பயமாகவே இருந்தது.

முப்பத்துமூன்றில் ரோடு அகலம். ஓரம் கட்டி நிறுத்தினேன். ஹேண்ட் பிரேக் போட்டேன். பொன்னுரங்கம் பழக்கத்தில் பின் சக்கரத்துக்குக் கல் வைக்க இறங்கினான். "டயராண்ணா?" என்று கீழிருந்து கத்தினான், நான் சொல்ல வேண்டியதை எனக்கு எடுத்துக் கொடுக்கிற மாதிரி.

ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்லவில்லை. சீட்டில் இருந்து எழுந்து ஆட்களைப் பார்த்துத் திரும்பி நின்றேன். இருபத்திரண்டு வருடத்தில் ஓடுகிற ட்ரிப்பில் நான் அவர்கள் பக்கம் திரும்பியதே இல்லை. எல்லா முகமும் என்னையே பார்த்தன.

"வண்டி ரிப்பேருங்களா?" என்றார் ஒருவர்.

"வண்டி நல்லா இருக்குதுங்க. எனக்குத்தான். ஒடம்புக்கு ஒண்ணுமில்ல, டாக்டர் பார்த்து நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்க. ஆனா பயமா இருக்குது. ரெண்டு நிமிஷம் நின்னுட்டு எடுக்கறேன். எறங்கணும்னு நெனைக்கறவங்க எறங்கிக்கலாம், பின்னாலயே அடுத்த ஸ்பெஷல் வருது."

முன்சீட்டுக்காரர் மடியில் இருந்த பையைத் தூக்கி, மறுபடியும் மடியிலேயே வைத்துக்கொண்டார். மூன்றாவது சீட்டில் ஒரு மலைக்கார அம்மா. வாரச் சந்தைக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் என் வண்டியில்தான் வருவாள், பெயர் தெரியாது. வெற்றிலையை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு அவள் சொன்னாள்:

"இத்தினி வருசமா ஒவ்வொரு வளவுலயும் நாங்க பயந்துக்கிட்டுத்தானே உக்காந்து வாரோம். நீ ஒரு நாளு பயந்தா என்ன கொறஞ்சு போச்சு? நில்லு, மெதுவாப் போலாம்."

பஸ்ஸே சிரித்தது. பிறகு ஆளுக்கு ஆள் ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவருக்கு நாற்பத்தைந்து வந்தால் கண்ணைத் திறக்கவே முடியாதாம். ஒரு கல்லூரிப் பெண் அறுபதில் இருந்து கந்தசஷ்டி கவசம் சொல்லிக்கொண்டே வருவாளாம். ராசிபுரத்துக்காரர் ஒருவர் கல்யாணமாகி முதல் முறை மாமனார் வீட்டுக்கு வந்தபோது இந்த இடத்தில்தான் வாந்தி எடுத்தாராம், மனைவி இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுகிறாளாம். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து தலையை ஆட்டினாள். இருபத்திரண்டு வருடமாக என் முதுகுக்குப் பின்னால் இத்தனை பேர் பயந்துகொண்டு வந்திருக்கிறார்கள். எனக்கு ஒருவர்கூடச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

ஒருவரும் இறங்கவில்லை.

நெஞ்சு மெல்ல அடங்கியது. முழுவதும் அடங்கவில்லை. அடங்கின அளவு போதும் என்று உட்கார்ந்தேன். பொன்னுரங்கம் கல்லை எடுத்துவிட்டு விசில் கொடுத்தான். மீதி முப்பத்தேழு வளைவையும் ஏற்றினேன். முப்பத்தொன்பதில் ஒரு முறை, ஐம்பத்தெட்டில் ஒரு முறை அது எட்டிப் பார்த்தது. நான் வண்டியைப் பார்த்து ஓட்டினேன்.

செம்மேட்டில் டிக்கெட் பரிசோதகர் நேரம் குறித்தார். பதினோரு நிமிடம் தாமதம். பத்து நிமிடத்துக்கு மேல் போனால் ட்ரிப் தாளில் டிரைவர் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மலை ரூட்டில் இதற்கு எல்லோரும் ஒரே பதில்தான் எழுதுவோம்: மாடு குறுக்கே வந்தது. இந்த மலையில் இருக்கிற மாடுகள் எல்லாம் எங்களுக்காக எத்தனையோ முறை ரோட்டைக் கடந்திருக்கின்றன. பொன்னுரங்கம் தாளை நீட்டி, காதோடு சொன்னான்: "மாடுன்னு போட்ருங்கண்ணா."

நான் பேனாவை வாங்கி எழுதினேன்: முப்பத்துமூன்றாவது வளைவில் ஓட்டுநருக்குப் பயம் ஏற்பட்டது. வண்டியை நிறுத்திப் பயணிகளிடம் தெரிவித்தேன். பயம் குறைந்ததும் ஓட்டிவந்தேன்.

சாயங்காலம் டிப்போவில் மேலாளர் அதை இரண்டு முறை படித்தார்.

"அத்தியப்பன், இது மேலே போகும். இப்படியே இருக்கட்டுமா?"

"இருக்கட்டும் சார். சான்றிதழும் கூடவே வச்சு அனுப்புங்க."

அவர் தாளை மறுபடி பார்த்தார். பிறகு நாளைக்கான பட்டியலை எடுத்து, மலை ரூட்டில் என் பெயரை எழுதினார்.

வழக்கமாக நான் ட்ரிப் தாளில் ஒரு கோடு இழுத்துச் சுழிப்பதோடு சரி. இன்று முழுப் பெயரையும் எழுதியிருந்தேன், அப்பா பெயரின் முதல் எழுத்தோடு. ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக இருந்தது.